டர்பனில் ஸ்பானிய மொழிக்காரரோடு கூட்டு விழா: தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு செய்முறை

நாள் குறிப்பதிலிருந்தே தொடங்குவோம், கோளாறு முளைப்பது அங்கேதான். அமெரிக்காவில் ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிய மொழி வழிவந்தோரின், பாரம்பரிய மாதம் என்று ஒன்று உண்டு. 1968-இல் ஒரு வாரமாகத் தொடங்கி, 1988-இல் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை என்று நீண்டது. குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சல்வடோர், நிகராகுவா, கோஸ்டா ரிகா ஐந்துக்கும் செப்டம்பர் 15 விடுதலை நாள். மறுநாள் மெக்சிகோவுக்கு, 18-ஆம் தேதி சிலிக்கு. நம் தென்னாப்பிரிக்காவிலும் செப்டம்பர் 24 பாரம்பரிய நாள், அரசு விடுமுறை. எல்லாம் கூடி வருகிறதே என்று அந்த வாரத்தைப் பிடித்தால், அது புரட்டாசி. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் எங்கும் ஏராளமான வீடுகளில் இறைச்சியும் மீனும் அடுப்பேறாத மாதம். நவராத்திரியும் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடுவதால் கோயில் மண்டபமும் கிடைக்காது. விருந்தாளிகள் ஆசையாகச் சமைத்துக்கொண்டு வந்ததை நம் பெரியவர்கள் தொடாமல் தள்ளி வைப்பார்கள். ஏன் என்று அவர்களுக்குப் புரியாது. எடுத்துச் சொல்ல நமக்கு நேரமும் இருக்காது.

அக்டோபர் 12-ஐயும் விட்டுவிடலாம். ஸ்பெயினுக்கு அது தேசிய நாள். கொலம்பஸ் கரையிறங்கிய நாளும் அதுவே என்பதால் அமெரிக்கக் கண்டத்தில் பலர் அதைக் கொண்டாடுவதில்லை. வெனிசுவேலா 2002-இல் அதைப் பூர்வகுடிகளின் எதிர்ப்பு நாளாக மாற்றியது. அர்ஜென்டினா 2010-இல் பண்பாட்டுப் பன்மையை மதிக்கும் நாள் என்று பெயர் மாற்றியது. இந்த வழக்கை டர்பன் மண்டபத்தில் தீர்த்துவைக்கும் பொறுப்பு நமக்கு வேண்டாம். அதே காரணத்துக்காக அழைப்பிதழில் பாய்மரக் கப்பல் படமும் வேண்டாம்.

தோதான நாள் ஏப்ரலில் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவை ஏப்ரல் 23-ஐ ஸ்பானிய மொழி நாளாகக் கடைப்பிடிக்கிறது. நம் புத்தாண்டு 14-ஆம் தேதி, நாட்டின் விடுதலை நாள் விடுமுறை 27. இந்த இடைவெளியில் வரும் சனிக்கிழமை பிற்பகல் இரு பக்கத்துக்கும் ஒத்துவரும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஈஸ்டர் எப்போது என்று பார்த்துவிட வேண்டும். சில ஆண்டுகளில் ஏப்ரல் 25 வரைகூடத் தள்ளிப்போகும். புனித வாரத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் வரமாட்டா; அதே நாட்களில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நம் ஆட்களும் போய்விடுவார்கள்.

ஆட்களைத் தேடுவது

பெரும்பாலான சங்கங்கள் முதல் கடிதத்தைப் பிரிட்டோரியாவில் உள்ள தூதரகத்துக்கு எழுதும். அது தலைகீழ் வரிசை. தூதரகத்தை மட்டும் நம்பினால் தூதரும் செயலாளரும் வந்து, பேசி, படமெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்; மறுநாள் யாரோடு பழகுவது என்று தெரியாது. ஊரில் இருப்பவர்களை முதலில் கண்டுபிடியுங்கள். அவர்கள் சேர்ந்த பிறகு தூதரகத்துக்கு எழுதினால் அதற்கும் மதிப்பு கூடும்.

டர்பனில் ஸ்பானிய மொழி பேசுவோர் தனிப் பேட்டையில் கூடி வாழ்வதில்லை, சிதறி இருக்கிறார்கள். முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. 1996-இல் இரு அரசுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி கியூபா மருத்துவர்கள் இந்த நாட்டுப் பொது மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். மண்டேலா–காஸ்ட்ரோ திட்டத்தில் நம் மாணவர்களும் கியூபாவுக்கு மருத்துவம் படிக்கப் போனார்கள். அங்கே முதலில் ஸ்பானிய மொழி கற்ற பிறகே பாடம். ஆகவே குவாசூலு–நட்டாலில் ஸ்பானியம் சரளமாகப் பேசும் சூலு மருத்துவரும் இந்திய மருத்துவரும் இருக்கிறார்கள். விழாவுக்கு இவர்களைவிடச் சிறந்த பாலம் கிடையாது. இரு பக்கத்துப் பழக்கமும் அறிந்தவர்கள், ஊரை விட்டுப் போகப் போவதும் இல்லை. அரசு ஒப்பந்தத்தில் வந்திருக்கும் கியூபாக்காரர்களோ மேடையேறவும் பேட்டி தரவும் மேலிடத்து அனுமதி கேட்க வேண்டியிருக்கலாம். தயங்கினால் வற்புறுத்தாதீர்கள், பார்வையாளராக வந்தாலே போதும்.

மற்ற இடங்கள்: எம்மானுவேல் பேராலயமும் மற்ற கத்தோலிக்கப் பங்குகளும், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம், சால்சா நடனம் கற்பிக்கும் பள்ளிகள், துறைமுகத்தில் மாலுமிகளுக்கான தொண்டு மையங்கள். ஸ்பானியம் ஆட்சிமொழியாக உள்ள ஆப்பிரிக்க நாடு ஒன்றும் இருக்கிறது, எக்குவடோரியல் கினி. ‘லத்தீன் அமெரிக்க விழா’ என்று பெயர் வைத்தால் அவர்களும் ஸ்பெயின்காரர்களும் வெளியே நிற்பார்கள். மறுபுறம் மொசாம்பிக், அங்கோலா, மடெய்ரா வழிவந்த போர்த்துக்கீசிய மொழிக்காரர்கள் டர்பனில் நிறைய. அவர்களை ஸ்பானியர் என்று எண்ணி அழைப்பது, நம்மைத் தெலுங்கர் என்று அழைப்பதைப் போன்றது. வரட்டும், ஆனால் அவர்கள் மொழியின் பெயரோடு வரட்டும்.

முதல் சந்திப்பில் எட்டுப் பத்துப் பேர் போதும். தேநீர், ஒன்றரை மணி நேரம்; மேடை வேண்டாம், வரவேற்புரை வேண்டாம், பேனர் வேண்டவே வேண்டாம். கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த ஊரில் உங்களுக்கு எது சிரமமாக இருக்கிறது? விழாவைப் பற்றி நினைத்துக்கொண்டு போன உங்களுக்கு வரும் பதில்கள் வேறு மாதிரி இருக்கும். பட்டச் சான்றிதழை மதிப்பிடும் தகுதி ஆணையம், அதாவது சாக்கா, ஆங்கிலம் அல்லாத ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்புக் கேட்கிறது. ஓட்டுநர் உரிமத்துக்கும் அப்படித்தான். பிள்ளைக்குப் பள்ளி, வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் என்று பட்டியல் நீளும். இதில் சங்கம் செய்யக்கூடியது வழிகாட்டுவது மட்டும். உயர் நீதிமன்றத்தில் பதிவான சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்ததே செல்லும். ஆர்வமிகுதியால் உறுப்பினர் ஒருவர் தாமே மொழிபெயர்த்துக் கொடுத்தால் விண்ணப்பம் திரும்பி வரும், கட்டணமும் மாதங்களும் வீண்.

அடுத்த மாதமே தொடங்கக்கூடியது மொழி மேசை. ஒரு மேசைக்கு நாலிலிருந்து ஆறு பேர், பாதிக்குப் பாதி. 20 நிமிடம் ஸ்பானியம், மணி அடித்ததும் 20 நிமிடம் ஆங்கிலம், கடைசி 10 நிமிடம் பாட்டோ பழமொழியோ. மணி அடிக்காமல் விட்டால் ஆங்கிலம் முழு நேரத்தையும் விழுங்கிவிடும். நம் வீடுகளில் தமிழுக்கு நேர்ந்ததே அதுதான். வருகிறவர்களுக்கு முதலில் வேண்டியது ஆங்கிலமும் சூலுவும், தமிழ் அல்ல. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. தமிழை அந்தப் பத்து நிமிடத்தில் கோலமாகவும் பாட்டாகவும் கொடுங்கள். நம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஸ்பானியப் பாட்டின் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுக்கலாம். ஸ்பானியத்தின் ஐந்து உயிரொலிகளும் அ, எ, இ, ஒ, உ என்பதில் அடங்கிவிடுவதால் ஆங்கில எழுத்தில் எழுதியதைவிட உச்சரிப்பு நேராக வரும்.

காகிதமும் கணக்கும்

சங்கத்தின் அமைப்பு விதியை எடுத்து நோக்கப் பகுதியைப் படியுங்கள். ‘தமிழ் மொழியும் சமயமும் வளர்ப்பது’ என்று மட்டும் இருந்தால், ஸ்பானிய மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுத்த காசை ஆண்டுக் கூட்டத்தில் யாராவது கேள்வி கேட்பார். கேட்பது நியாயமும்கூட. ‘பிற பண்பாட்டுச் சமூகங்களோடு பரிமாற்றம்’ என்ற வரியைச் சிறப்புக் கூட்டத்தில் சேர்த்து, 1997-ஆம் ஆண்டு இலாப நோக்கற்ற அமைப்புகள் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்த துறைக்குத் திருத்தத்தை அனுப்பிவிடுங்கள்.

நன்கொடையாளரிடம் வாய் தவறிச் சொல்லக்கூடாத ஒன்று உண்டு: வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவுப்படி வரிச்சலுகை ரசீது தருகிறோம் என்பது. பொதுநலப் பணி வகைகளை அடுக்கும் அந்தச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையின் முதல் பகுதியில் பண்பாடு இருக்கிறது. நன்கொடையாளருக்குச் சலுகை தரும் இரண்டாம் பகுதியில் நலப்பணி, மருத்துவம், கல்வி போன்றவையே உள்ளன. சங்கத்துக்கு வரிவிலக்கு இருக்கலாம். கலைவிழாவுக்குக் கொடுத்தவருக்கு வரிக்கழிவு கிடைக்காது. சங்கம் கல்விப் பணிக்கென்று 18ஏ அனுமதி வைத்திருந்தாலும் அந்த ரசீதுப் புத்தகத்தை விழாவுக்கு எடுக்காதீர்கள். வெளிநாட்டுத் தூதரகம் ஏதாவது தொகை தந்தால் அதற்கான கடிதத்தை வங்கிக்கென்று ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பணம் எங்கிருந்து, எதற்கு என்று வங்கி கட்டாயம் கேட்கும்.

அதைவிட முக்கியம் பெயர்ப் பட்டியல். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், எல்லாரும் போப்பியா என்று சொல்வது, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அபராதத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. தன் நாட்டு அரசோடு ஒத்துப்போகாமல் வெளியேறி வந்தவர் உங்கள் விழாவுக்கு வரலாம். அதே அரசின் தூதரக அதிகாரியும் முன்வரிசையில் இருக்கலாம். ‘யார் யார் வருகிறார்கள், பட்டியல் அனுப்புங்கள்’ என்று தூதரகம் இயல்பாகக் கேட்கும். எண்ணிக்கையைச் சொல்லுங்கள், பெயர்களைத் தராதீர்கள். வாசலில் கையெழுத்துப் புத்தகம் திறந்து கிடந்தால் அதுவும் பட்டியல்தான், ஆகவே சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் செய்யுங்கள். படம் எடுக்க வேண்டாம் என்பவருக்குச் சட்டையில் ஒட்ட மஞ்சள் வட்டம் ஒன்று கொடுத்து, படக்காரரிடம் முன்பே சொல்லி வையுங்கள். நேரலை ஒளிபரப்பில் இந்த வட்டத்துக்கு வேலை இல்லை என்பதால் கூட்டத்தைக் காட்டும் கேமரா கூடாது, மேடையை மட்டும் காட்டுங்கள்.

தூதரகத்துக்கு எழுதுவது

விழாவுக்கு எட்டிலிருந்து பத்து வாரம் முன்னால் கடிதம் போக வேண்டும். ஒரு பக்கம், ஆங்கிலத்தில். கூடவே ஸ்பானியப் பிரதி. சங்கம் எது, பதிவு எண், நாள், இடம், எத்தனை பேர், உள்ளூரில் யாரோடு சேர்ந்து நடத்துகிறீர்கள், கடைசியாக ஒரே ஒரு வேண்டுகோள். பணம், பேச்சாளர், படம், புத்தகம், நடனக்குழு என்று ஐந்தையும் கேட்டால் எந்த அதிகாரியும் கோப்பைத் திறக்கமாட்டார். கிடைக்கக்கூடியதைக் கேளுங்கள்: கண்காட்சிப் பலகைகள், நூலகத்துக்குப் புத்தகம், திரையிடும் உரிமையோடு ஒரு திரைப்படம். இலவசக் காட்சியானாலும் உரிமை வேண்டும். வணிக நோக்கற்ற காட்சிக்கு அனுமதி வாங்கித் தர தூதரகத்தால் முடியும். இரண்டு வாரத்தில் பதில் இல்லாவிட்டால் தொலைபேசியில் பேசுங்கள். பதிலில் ஒருவரின் பெயர் இருந்தால், இனி எல்லாம் அவருக்கே.

தூதரகம் ஏன் ஒரு கோயில் மண்டபத்துக்கு வரவேண்டும்? அது அதன் வேலை. 1961 வியன்னா ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு, பண்பாட்டு உறவை வளர்ப்பதைத் தூதரகக் கடமைகளில் ஒன்றாகவே சொல்கிறது. அதே ஒப்பந்தத்தின் 41-ஆம் பிரிவு, இருக்கும் நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடக்கூடாது என்கிறது. ஆகவே உள்ளாட்சித் தேர்தல் நெருங்கும்போது வார்டு கவுன்சிலரை ஒலிபெருக்கி முன் நிறுத்தி, பக்கத்தில் தூதரையும் உட்காரவைத்தால் அவர் பாதியில் எழுந்து போகலாம், போவதும் சரியே. இரண்டு தூதர்கள் வந்தால் பெரிய நாடு முதலில் என்று இல்லை. இங்கே பொறுப்பேற்ற தேதி யாருக்கு முந்தியதோ அவருக்கு முதலிடம். தேதியை அவர்கள் அலுவலகமே சொல்லும்.

கொடியில் கவனம். கொலம்பியா, எக்குவடோர், வெனிசுவேலா மூன்றும் மஞ்சள், நீலம், சிவப்பு. முதல் இரண்டில் மஞ்சள் பாதி அளவு. வெனிசுவேலாவில் மூன்றும் சமம், நடுவே நட்சத்திரங்கள். எல் சல்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா மூன்றும் நீலம், வெள்ளை, நீலம். கடையில் ‘தென் அமெரிக்கக் கொடிச் சரம்’ வாங்கித் தொங்கவிட்டால் ஒன்றாவது தவறாக இருக்கும், அது உரியவரின் கண்ணில்தான் முதலில் படும். நாட்டுப்பண் பாட வைப்பதானால் ஸ்பெயினுடையதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முயலாதீர்கள். அதற்கு அதிகாரப்பூர்வ வரிகளே கிடையாது, இசை மட்டுமே.

பெயரட்டை எழுதும்போது: மரியா லோபெஸ் கார்சியா என்றால் லோபெஸ் அப்பா வழி, கார்சியா அம்மா வழி. சுருக்கினால் லோபெஸ், கடைசிப் பெயரை எடுத்து ‘கார்சியா அம்மையார்’ என்று அழைப்பது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. மணமான பெண்ணும் பெரும்பாலும் தன் பெயரிலேயே இருப்பார், ஆகவே கணவர் பெயரை வைத்து இருக்கை போடாதீர்கள்.

வரவேற்பு

பன்னீரும் கற்கண்டும் யாருக்கும் தடையில்லை. குங்குமம் வைக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். சுவிசேஷ சபைகளைச் சேர்ந்தவர்கள் விரும்பாமல் போகலாம், முகத்துக்கு நேரே மறுக்கக் கூச்சப்படுவார்கள். மாலையில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. நாம் காவடிக்கும் கல்யாணத்துக்கும் வாங்கும் செண்டுமல்லி மெக்சிகோ மண்ணின் பூ. அங்கே நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களை வீட்டுக்கு அழைக்கும் படையலுக்கு அதைத்தான் வழியெல்லாம் தூவுவார்கள். மெக்சிகோக்காரர் கழுத்தில் போட்டால் கோபப்படமாட்டார், ஆனால் ஒரு கணம் திகைப்பார். ரோஜா மாலை போடுங்கள். செண்டுமல்லியைத் தனித் தட்டில் வைத்து அதன் கதையை ஒரு அட்டையில் எழுதி வையுங்கள். மகாளய அமாவாசைப் படையலையும் அதோடு சேர்த்துச் சொன்னால் இரு பக்கத்துப் பெரியவர்களும் அந்த மேசையை விட்டு நகரமாட்டார்கள்.

மேடையும் தாளமும்

ஸ்பெயின் நடனமான ஃபிளமெங்கோ ஆடுபவரின் காலணியில் முனையிலும் குதியிலும் ஆணி அடித்திருக்கும். தரையை அடித்து எழுப்பும் ஓசைதான் அங்கே பாதி இசை. சிமெண்டிலோ ஓட்டிலோ ஆடச் சொன்னால் ஓசையும் எழாது, முழங்காலும் போகும். 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை இரண்டு, ஒவ்வொன்றும் 2440-க்கு 1220 அளவு, பக்கம் பக்கமாக வைத்தால் ஒருவர் ஆடப் போதுமான சதுரம் கிடைக்கும். அடியில் 400 மில்லிமீட்டர் இடைவெளியில் மரச்சட்டம் கொடுத்தால் உள்ளே காற்று நின்று ஓசை நன்றாக வரும். திருகாணியைக் கீழிருந்து முடுக்குங்கள், மேலே எந்தத் தலையும் நீட்டக்கூடாது. வார்னிஷ் அடித்தால் வழுக்கும்.

அதே பலகையில் பரதநாட்டியம் ஆட வைக்காதீர்கள். ஆணி பட்ட இடத்தில் சிம்பு கிளம்பியிருக்கும், நம் பிள்ளைகள் ஆடுவது வெறுங்காலில். இடம் ஒன்றுதான் என்றால் நாட்டியம் முதலில், ஃபிளமெங்கோ பின்னால். கோயில் மண்டபமானால் காலணியோடு ஆட அறங்காவலர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்; வாய்மொழி அனுமதி விழா நாளன்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. அனுமதி கிடைக்காவிட்டால் பள்ளி மண்டபம். ஒலிப்பதிவு இசையோ நேரடி இசையோ எதுவானாலும், இசை உரிமை அமைப்பான சாம்ரோவின் உரிமம் மண்டபத்துக்கு உண்டா என்று வாடகை பேசும்போதே கேளுங்கள்.

இரு கலைஞர்களையும் அவரவர் பத்து நிமிடம் ஆடவிட்டு அனுப்புவதில் பரிமாற்றம் ஏதுமில்லை. தாளத்தில் சேர்த்து வைக்கலாம். ஃபிளமெங்கோவின் 12 அடிச் சுற்றில் அழுத்தம் 12, 3, 6, 8, 10 ஆகிய எண்களில் விழுகிறது. சொற்கட்டில் சொன்னால் தகிட தகிட தக தக தக. மிருதங்கக்காரர் இதைக் கேட்டவுடன் பிடித்துக்கொள்வார். ரூபகம் இரண்டு ஆவர்த்தனம் போட்டாலும் அதே 12 கிடைக்கும். கியூபாவின் கிளாவே தாளம் 16 நுண்ணடி: தகிட தகிட தகதிமி தக தகதிமி. ஆதி தாளத்தின் எட்டு அடியை இரண்டிரண்டாகப் பிரித்தால் அதே பதினாறு, தலையும் காலும் சரியாக உட்காரும். காவடிக்கு உறுமி அடிக்கும் பையன்களை இதில் இறக்குங்கள், மண்டபம் எழுந்து நிற்கும். ஒரு எச்சரிக்கை: கிளாவேயை நடுவில் திருப்பிப்போடக்கூடாது. நம் ஆட்கள் உற்சாகத்தில் கோர்வை வைத்து வேறு இடத்தில் முடித்தால் கியூபாக்காரர் கை நின்றுவிடும். இரண்டு ஒத்திகை அவசியம். முதல் ஒத்திகையில் கைத்தட்டு மட்டும், வாத்தியம் வேண்டாம்.

சுவரில் வைக்கும் கண்காட்சிக்கு ஒரு கருப்பொருள் தேடுகிறீர்களானால் கரும்பு. 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்கு வந்தவர்கள் 152,184 பேர். அதே காலத்தில் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கு 1847 முதல் 1874 வரை ஏறத்தாழ 125,000 சீனர்கள் ஒப்பந்தத்தில் கொண்டுபோகப்பட்டார்கள். நமக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம், அவர்களுக்கு எட்டாண்டு. கியூபாவில் அடிமை முறை 1886-இல்தான் ஒழிந்தது, அதாவது கூலியும் அடிமையும் ஒரே வயலில் வெட்டினார்கள். ஆறு பலகை போதும், ஒவ்வொன்றிலும் 80 சொல்லுக்கு மேல் வேண்டாம், மூன்று மொழியில். நம் பக்கத்துப் படங்களுக்கும் கப்பல் பதிவுகளுக்கும் காந்தி–லுத்துலி ஆவண மையத்திலும் 1860 பாரம்பரிய மையத்திலும் அனுமதி கேளுங்கள்.

உரைகளுக்கு மொழிபெயர்ப்பு என்றால் நேரம் இரட்டிப்பாகும். ஐந்து நிமிடப் பேச்சு பத்து நிமிடம். தமிழ், ஆங்கிலம், ஸ்பானியம் மூன்றிலும் என்றால் கூட்டம் கலைந்துவிடும். ஆங்கிலமும் ஸ்பானியமும் மட்டும் வைத்துக்கொண்டு தமிழைத் திரையில் ஓடவிடுங்கள். உரையின் எழுத்துப் பிரதி மூன்று நாள் முன்னால் மொழிபெயர்ப்பாளர் கையில் இருக்க வேண்டும். முருகன், தைப்பூசம், ஒப்பந்தக் கூலி போன்ற பெயர்களுக்குத் தனிச் சீட்டு. அவருக்குத் தனி ஒலிவாங்கி, ஒரு குவளைத் தண்ணீர். பேசுபவர் இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் பேசும் தலைவர் யாரென்று எல்லாச் சங்கத்துக்கும் தெரியும். அவருக்கு நன்றியுரை கொடுங்கள்.

சாப்பாடு

ஏப்ரலில் வைத்தாலும் பொதுப் பந்தி சைவமாக இருப்பதே நல்லது. மாட்டிறைச்சி, பன்றி, ஹலால் என்ற மூன்று கேள்வியும் ஒரே முடிவில் தீரும். ஆனால் ‘சைவம்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு இருந்தால் கோழிச்சாறு ஊற்றிய சோறோ சூரைமீன் போட்ட பண்டமோ வந்து நிற்கும். கூடாதவற்றை அடுக்கிச் சொல்லுங்கள்: மாடு, கோழி, மீன், பன்றிக்கொழுப்பு, அவரை வேகும்போது போடும் ஹாம் துண்டு, சிக்கன் ஸ்டாக் கியூப், ஜெலட்டின். முட்டை கூடுமா என்பதை நீங்களே முன்கூட்டி முடிவு செய்யுங்கள். ஏமாற்றம் அதிகம் தருவது பன்றிக்கொழுப்புதான். வெந்த அவரையிலும், தமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டையின் மாவிலும் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும்.

100 பேருக்குக் கியூபா அவரைச்சோறு: அரிசி 6 கிலோ, கருப்பு அவரை 3 கிலோ. கருப்பு அவரை கிடைக்காவிட்டால் சுகர் பீன்ஸ். நிறம் கியூபா மாதிரி வராது, ருசி கெடாது. இரவு ஊறவைத்து, நீரை மாற்றி, முதல் பத்து நிமிடம் நன்றாகத் தளதளவென்று கொதிக்க வேண்டும். பாதி வெந்த அவரையில் உள்ள நச்சு வயிற்றைக் கலக்கும். ஆகவே ஊறியதை நேரே ஸ்லோ குக்கரில் போடாதீர்கள், அந்தச் சூடு போதாது. வெங்காயம், பூண்டு, பச்சைக் குடமிளகாய், சீரகம், ஓரிகானோ இவ்வளவுதான் தாளிதம். கருவேப்பிலை போட்டு நம் ஊர்க் குழம்பாக்கிவிடாதீர்கள்.

மெக்சிகோச் சோளரொட்டி செய்ய, கடையில் விற்கும் சாதாரணச் சோளமாவான மீலி மீலை எடுத்தால் உதிரும். காரணம், அந்த மாவு சுண்ணாம்பில் வெந்ததல்ல. 1 கிலோ காய்ந்த வெள்ளைச் சோளம், 3 லிட்டர் தண்ணீர், உணவுத் தரச் சுண்ணாம்பு 10 கிராம். முக்கால் மணி நேரம் மெதுவாகக் கொதிக்கவிட்டு இரவு முழுக்க ஊறவையுங்கள். சுண்ணாம்பு தோலைக் கரைத்து மாவுக்குப் பிசுக்கு கொடுக்கிறது. அலுமினியப் பாத்திரத்தை அரிக்கும், எஃகுப் பாத்திரம் எடுங்கள். காலையில் தோல் போகக் கழுவி, இட்லி கிரைண்டரில் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரையுங்கள். தண்ணீர் கூடினால் மாவு கையோடு வரும். அப்போது பொட்டலத்தில் விற்கும் சுண்ணாம்பு வெந்த சோளமாவு ஒரு பிடி சேர்த்தால் சரியாகும். கிலோவுக்கு 50 ரொட்டிக்குக் குறையாது. வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளின் அரேப்பா என்ற தடித்த சோளரொட்டிக்கு இந்த மாவும் சரிவராது. அதற்கு முன்பே வேகவைத்துக் காயவைத்த தனி மாவு வேண்டும். 2 கப் மாவுக்கு இரண்டரை கப் தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு, பத்து நிமிடம் ஊறல்.

காரம்: மெக்சிகோக்காரர் தவிர்த்து மற்றவர்கள் பெரும்பாலும் காரம் தின்று பழகாதவர்கள். டர்பன் பிரியாணியின் காரம் கியூபாக்காரருக்கு ஒரு வாய்க்கு மேல் தாங்காது. மசாலாவைப் பாதியாகக் குறைத்து ஒரு அண்டா தனியே செய்து, மிளகாய்ப் படம் ஒன்று, இரண்டு, மூன்று என்று அட்டையில் வரைந்து வையுங்கள். இனிப்புக்குக் கவலையே வேண்டாம். அரிசி, பால், சர்க்கரை, பட்டை போட்ட அவர்கள் பாலரிசியையும் நம் பாயசத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மது கோயில் மண்டபத்தில் கிடையாது என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். தூதரகம் ஒயின் பெட்டியோடு வந்த பிறகு சொல்வது இரு பக்கத்துக்கும் சங்கடம்.

விழாவுக்குப் பின்

ஒரு வாரத்துக்குள் நன்றிக் கடிதமும், ஒப்புதல் தந்தவர்களின் படங்களும் போக வேண்டும். தூதரகத்துக்கு வந்தோர் எண்ணிக்கையோடு அரைப் பக்க அறிக்கை. அவர்களும் தலைநகருக்கு அனுப்ப வேண்டியிருப்பதால் இது அடுத்த ஆண்டுக் கடிதத்தைவிட வேலை செய்யும். மொழி மேசை அடுத்த சனிக்கிழமையே நடக்க வேண்டும். விழாக் களைப்பில் ஒரு மாதம் விட்டால் மறுபடி ஆட்களைச் சேர்ப்பது முதலிலிருந்து தொடங்கும் வேலை. அவர்கள் வீட்டு ஞானஸ்நானத்துக்கோ பிறந்தநாளுக்கோ அழைத்தால் சங்கத்திலிருந்து இரண்டு பேராவது போங்கள், தட்டோடு.

ஒட்டுப்பலகையைக் கழற்றி, ஈரம் படாமல் நிறுத்தி வையுங்கள். செலவுச் சீட்டுகளை விழாவின் பெயரில் தனி உறையில் போட்டு, மொழிபெயர்ப்பாளர் கட்டணம், பலகை, சமையல், மண்டபம் என்று பிரித்து எழுதுங்கள். நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள், சங்கத்தைப் பதிவு செய்த துறைக்குப் போக வேண்டிய ஆண்டறிக்கையில் இந்த விழாவுக்கு ஒரு பத்தி வேண்டும், அந்த உறை இல்லாமல் அதை எழுத முடியாது.